குழந்தையைப் பிடித்தவர்: முனிசாமி

லீட்ஸில் மூன்று வருடம் கற்றுக்கொண்டதை விட்டொழிக்க எனக்குப் பெங்களூரில் எட்டு மாதம் போதுமானதாக இருந்தது.

எக்ஸ்ரே ஊழியர் சங்கத்தின் ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த இரண்டு பெண்களும் இப்படி ஒரு தொடக்கத்தை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். இருவரும் எக்ஸ்ரே பிரிவில் வேலை பார்ப்பவர்கள். அவர்கள் மருத்துவமனைக்குப் புது மெஷின் வந்திருக்கிறதாம். பிலிமே கிடையாது, படம் நேரே திரையில் விழுகிறதாம். "அந்தக் காலத்துலயே ஃபாரின்ல படிச்சிட்டு வந்து இங்க எல்லாத்தையும் மாத்தினீங்களாமே மேடம், அதை எழுதிக் குடுங்க" என்றார்கள். நான் எதையும் மாற்றவில்லை என்றேன். அடக்கத்தினால் சொல்வதாக நினைத்துச் சிரித்தார்கள். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். போடுவதும் போடாததும் அவர்கள் இஷ்டம்.

எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாக மல்லேஸ்வரத்தில் இருப்பது. தாத்தாவும் அப்பாவும் மைசூர் சமஸ்தானத்து உத்தியோகஸ்தர்கள். அப்பா மராமத்து இலாகாவில் ஹெட் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றார். சுதந்திரம் வந்து நாலைந்து வருடம் இருக்கும். கன்டோன்மென்ட் பக்கம் ஒரு தர்ம ஸ்தாபனம் நடத்திய மருத்துவமனையில் பெண் நோயாளிகளுக்கு எக்ஸ்ரே எடுக்கப் பெண் வேண்டும் என்று முடிவு செய்தார்கள். என்னைச் செலவு கொடுத்து இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். படித்து வந்து ஏழு வருடம் அங்கேயே வேலை செய்வதாகப் பத்திரம் எழுதிக் கொடுத்தேன்.

லீட்ஸைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. போன புதிதில் வாடகை அறை தேடி மூன்று நாள் அலைந்தேன். ஜன்னலில் 'அறை காலி' என்ற அட்டை தொங்கும். கதவைத் திறந்து என் முகத்தைப் பார்த்ததும், இப்போதுதான் ஆள் வந்துவிட்டது என்பார்கள். தெருமுனைக்குப் போய்த் திரும்பிப் பார்த்தால் அட்டை அங்கேயே தொங்கும். கடைசியில் ஓர் ஐரிஷ் விதவை இடம் கொடுத்தாள்.

மருத்துவமனையில் எங்கள் தலைவி மிஸ் ஹார்ட்லி. பெரிய சர்ஜனையும் வாசலில் காத்திருக்க வைப்பவள். முதல் வாரமே ஒரு புகைப்படத்தைக் காட்டினாள். இரண்டு கைகள். வலது கையில் மூன்று விரல்கள் இல்லை. மிச்சமிருந்த விரல்களின் தோல் காய்ந்த சேற்றைப் போல வெடித்திருந்தது. எக்ஸ்ரே வந்த புதிதில் அந்த மருத்துவமனையில் படம் எடுத்தவருடைய கைகள். "நோயாளிக்கு இது ஒரு நாள். நமக்குத் தினமும்" என்றாள் மிஸ் ஹார்ட்லி. அங்கே ஒரு விதி இருந்தது. படம் எடுக்கும்போது குழந்தை அசைந்தால் ஊழியர் பிடிக்கக் கூடாது. தாயோ தகப்பனோ ஈய ஏப்ரனும் ஈயக் கையுறையும் மாட்டிக்கொண்டு பிடிக்க வேண்டும். யார் பிடித்தாலும் பெயரைப் பதிவேட்டில் எழுத வேண்டும். ஒரே பெயர் அடிக்கடி வந்தால் தலைவி கூப்பிட்டுக் கேட்பாள்.

கற்றதெல்லாம் இதற்குள் அடங்கிவிடும்.

சிட்டி ஸ்டேஷனில் அப்பா மாலையோடு நின்றிருந்தார். ஒரு மாதம் வரைக்கும் தெருவில் எல்லோரும் என்னை 'லண்டன் ரிட்டர்ன்' என்றார்கள். நான் லண்டனில் மொத்தம் இரண்டு நாள்தான் இருந்தேன். அந்த மரியாதை நீடிக்கவில்லை. நான் வேகமாக நடக்கிறேன், கடைக்காரனிடம் முகம் பார்த்துப் பேசுகிறேன், சாயங்காலம் தனியாக உலாவப் போகிறேன் என்று ஒவ்வொன்றாக வீட்டுக்கு வந்து சேர்ந்தது. ஜாதகம் கேட்டு வந்தவர்கள் காபி குடித்துவிட்டுப் போனார்கள், திரும்பி வரவில்லை. "மூணு வருஷம் தனியா இருந்த பொண்ணு" என்று ஓர் அம்மாள் என் காதில் விழும்படியே சொன்னாள். அம்மா என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "அங்க எப்படி இருந்தியோ நான் கேக்கல. இங்க இங்கத்து மாதிரி இரு."

மருத்துவமனையிலும் எனக்குச் சொல்லப்பட்டது அதுவேதான். அங்கே சொன்னவர் டாக்டர் சேஷகிரி. எக்ஸ்ரே பிரிவின் தலைவர். ஐம்பது வயது இருக்கும். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. யாராவது ஏதாவது கேட்டால் கண்ணாடியைக் கழற்றி வேட்டியைப் போல வெளுத்த ஒரு கைக்குட்டையால் இரண்டு பக்கமும் துடைப்பார். துடைத்து முடிக்கும்வரை பதில் வராது. பிறகு "ஆகட்டும், பார்க்கலாம்" என்பார். அவர் என்னோடு பேசியது கன்னடத்திலும் ஆங்கிலத்திலும். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

மூன்றாவது ஆள் முனிசாமி. எக்ஸ்ரே பிரிவின் அட்டெண்டர். நான் வருவதற்குப் பத்துப் பன்னிரண்டு வருடம் முன்பிருந்தே அங்கே இருந்தார். ஒக்கலிபுரத்திலிருந்து நடந்தே வருவார். அப்பா கோலார் தங்கவயலில் வேலை செய்து இருமலில் செத்தவர் என்று ஒரு முறை சொன்னார். இருட்டறையில் பிலிம் கழுவுவது, நோயாளியை மேசையில் ஏற்றுவது, பிலிம் வைத்த கனமான கேசட்டைத் தூக்குவது எல்லாம் அவர்தான். அழும் குழந்தையைப் பிடிப்பதும் அவர்தான். என்னை 'மிஸ்ஸம்மா' என்று கூப்பிட்டார். வெள்ளைக்காரக் கல்யாணமாகாத பெண்களைக் கன்டோன்மென்ட்டில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். என் பெயர் ராஜலட்சுமி என்று சொல்லிப் பார்த்தேன். "சரிங்க மிஸ்ஸம்மா" என்றார்.

முதல் நாள் அவர் ஒரு கேசட்டை எடுத்துக் கொடுத்தபோது, லீட்ஸ் பழக்கத்தில், "ரொம்ப நன்றிங்க முனிசாமி" என்றேன். அவர் முகம் மாறியது. மத்தியானம் வார்டு ஆயாவிடம் போய், "புது மிஸ்ஸம்மா கோவமா கீறாங்க போல, நான் இன்னா தப்பு பண்ணேன்னு தெரியல" என்றாராம். நான் அவரை 'நீங்க' என்று கூப்பிட்டதையும் கேசட்டை நானே தூக்கியதையும் நர்ஸுகள் ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, நெஞ்சுப் படம் எடுக்க இரண்டு வயதுக் குழந்தை ஒன்று வந்தது. முனிசாமி பழக்கப்படி அதன் கைகளைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். கையில் உறையில்லை, மேலே ஏப்ரன் இல்லை.

"விடுங்க முனிசாமி. அம்மா பிடிப்பாங்க."

"பரவால்ல மிஸ்ஸம்மா, நமக்குப் பழக்கம். அவுங்க சரியா புடிக்க மாட்டாங்க."

"உங்க கைக்கு நல்லதில்ல."

அவர் தன் கையைத் திருப்பிப் பார்த்தார். "கைக்கு இன்னா?" என்றார்.

நான் அன்றே அந்தக் கையைப் பார்த்திருக்க வேண்டும். குழந்தையைத்தான் பார்த்தேன்.

பிரிவில் இரண்டு ஜோடி ஈயக் கையுறைகள் இருந்தன. ஒன்றை எக்ஸ்ரே திரையின் கீழ் வைத்துப் பார்த்தேன். அப்படித்தான் சோதிக்க வேண்டும். ஈயம் வெடித்த இடமெல்லாம் திரையில் வெளிச்சக் கோடுகளாகத் தெரியும். அந்த ஜோடியில் விரல் மடியும் இடம் முழுக்கக் கோடுகள். தவிர அவை பலகை போல விறைத்திருந்தன, அவற்றை மாட்டிக்கொண்டு ஒரு குழந்தையின் மணிக்கட்டைப் பிடிக்க முடியாது. மற்ற ஜோடி புதியது. அது டாக்டர் சேஷகிரியின் மேசை இழுப்பறையில் பூட்டியிருந்தது. வாரம் இரண்டு நாள், பேரியம் குடித்த நோயாளியின் வயிற்றைத் திரையில் பார்க்கும்போது அதை எடுத்து மாட்டிக்கொள்வார். முடிந்ததும் பவுடர் போட்டு உள்ளே வைத்துப் பூட்டுவார். அவருக்கு எல்லாம் தெரியும் என்பதை அந்தப் பூட்டைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

புதுக் கையுறை வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். கண்ணாடி துடைத்து, "ஆகட்டும், பார்க்கலாம்" என்றார்.

வாயால் சொல்வதை விடப் படமாகக் காட்டலாம் என்று தோன்றியது. பல்லுக்கு எடுக்கும் சின்ன பிலிம், வெளிச்சம் புகாத காகித உறையோடு வரும். அதன் மேல் ஒரு காகிதக் கிளிப்பைச் செருகிச் சட்டைப் பையில் குத்திக்கொள்ள வேண்டும். இரண்டு வாரம் கழித்துக் கழுவிப் பார்த்தால், உடம்பில் எக்ஸ்ரே நிறையப் பட்டிருக்கும் பட்சத்தில் பிலிம் கறுத்து, கிளிப்பின் நிழல் மட்டும் வெள்ளையாகத் தெரியும். முனிசாமிக்கு ஒன்று, எனக்கு ஒன்று குத்தினேன். என்னுடையதில் ஒன்றுமில்லை. அவருடையதில் கிளிப்பின் ஒவ்வொரு வளைவும் தெரிந்தது. ஈரம் சொட்டச் சொட்ட அதை டாக்டரிடம் கொண்டுபோனேன்.

அவர் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து நெடுநேரம் பார்த்தார். "நல்ல படம்" என்றார். பிறகு உட்காரச் சொன்னார். "மிஸ் ராஜலட்சுமி, நானும் எடின்பரோவிலிருந்து வந்தவன்தான். யுத்தத்துக்கு முன்னாலே. வந்து ஒன்றரை வருஷம் சண்டை போட்டேன். அந்த ஒன்றரை வருஷத்தில் இந்தப் பிரிவுக்கு ஒரு பல்பு கூட வாங்க முடியவில்லை. சண்டையை விட்டேன். மெஷின் வந்தது. இப்போது தினமும் அறுபது பேர் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். நீங்கள் எத்தனை நாள் என்று பார்ப்போம்."

அவர் பரிகாசம் செய்யவில்லை. உண்மையிலேயே எத்தனை நாள் என்று பார்க்கத்தான் இருந்தார்.

நான் தாய்மார்களைப் பிடிக்க வைத்தேன். மெஷின் பழையது, ஒரு படத்துக்கு அரை விநாடிக்கு மேல் பிடிக்கும். குழந்தை அழுதால் தாய்க்குக் கை நடுங்கும், படம் கலங்கும். கோஷா போட்ட பெண்கள் முனிசாமி இருக்கும் அறையில் முகம் திறக்க மாட்டார்கள். சிலர் ஈய ஏப்ரனின் கனத்தைப் பார்த்து, குழந்தைக்கு ஏதோ செய்யப்போகிறார்கள் என்று பயந்து தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வெளியே வரிசை நீளும். வார்டு டாக்டர்கள் கலங்கிய படத்தைத் திருப்பி அனுப்புவார்கள். மறுபடி எடுத்தால் குழந்தைக்கு இரண்டாம் முறை எக்ஸ்ரே. மாதக் கடைசியில் டாக்டர் சேஷகிரி, வீணான பிலிம்களை ஒரு கட்டாகக் கட்டி ஒரு வார்த்தை பேசாமல் என் மேசையில் வைப்பார்.

அந்த நாட்களில் எனக்கு ஒரு வாரம் காய்ச்சல். இருட்டறைச் சாவி என்னிடம் இருந்ததால் அதை வாங்கிப்போக முனிசாமி மல்லேஸ்வரத்து வீட்டுக்கு வந்தார். நான் முன்னறையில் படுத்திருந்தேன். ஜன்னல் வழியாக வாசல் தெரிந்தது. அம்மா அவரை எந்த ஊர், எந்தப் பக்கம் என்று கேட்டாள். கேட்டதும் புரிந்துகொண்டாள். காபி கொடுத்தாள், மரியாதையாகத்தான் கொடுத்தாள். பின்கட்டுக் குழாயடியில் வேலைக்காரிக்கென்று வைத்திருந்த அலுமினிய டம்ளரைக் கொண்டுவரச் சொல்லி, கை படாமல் உயரத்திலிருந்து ஊற்றினாள். அவர் குடித்துவிட்டு யாரும் சொல்லாமலே டம்ளரைக் கழுவிக் குழாயடியில் கவிழ்த்துவிட்டுப் போனார். லீட்ஸில் அட்டை தொங்கிய ஜன்னல்கள் எனக்கு ஞாபகம் வந்தன. எழுந்து போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், அவ்வளவு காய்ச்சல் இல்லை. போர்வையை இழுத்துக்கொண்டேன்.

எட்டாம் மாதம் ஒரு திங்கட்கிழமை. கூட்டம். நிமோனியா என்று சந்தேகப்பட்ட ஒரு குழந்தைக்கு இரண்டு படம் கலங்கிவிட்டன. தாய் அழுதுகொண்டிருந்தாள். வார்டு டாக்டர் வாசலில் நின்றுகொண்டு கடிகாரத்தைப் பார்த்தார். நான் சுவரோரம் நின்றிருந்த முனிசாமியிடம், "முனிசாமி, கொஞ்சம் பிடிப்பா" என்றேன்.

அவர் வந்து பிடித்தார். படம் கண்ணாடி போல விழுந்தது. முனிசாமி சிரித்தார், எனக்கு ஏதோ நல்லது நடந்துவிட்டது போல. அன்றைக்குப் பிறகு நான் அவரை 'நீங்க' என்று கூப்பிட்டதாக நினைவில்லை. நர்ஸுகளும் சிரிப்பதை விட்டார்கள். வீணான பிலிம் கட்டு சிறுத்தது. டாக்டர் சேஷகிரி எனக்கும் சேர்த்துக் காபி வரவழைக்க ஆரம்பித்தார். எட்டு மாதம் தனியாகச் சாப்பிட்டவளை நர்ஸுகள் தங்கள் மேசைக்குக் கூப்பிட்டார்கள். ஊருக்குத் திரும்பி வந்தது போல எனக்கு முதலில் தோன்றியது அந்த மாதம்தான். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

ஒரு பழக்கத்தை மட்டும் விடவில்லை. பதிவேட்டில் கடைசிப் பத்தியில் 'பிடித்தவர்' என்று தலைப்புப் போட்டு ஒவ்வொரு முறையும் பெயர் எழுதினேன். முனிசாமி. முனிசாமி. முனிசாமி. மிஸ் ஹார்ட்லி சொன்னதில் பாதியைச் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். கூப்பிட்டுக் கேட்கத்தான் அங்கே யாருமில்லை.

ஐந்து வருடம் இப்படிப் போனது.

ஒரு நாள் அவர் கழுவிய பிலிமைக் கம்பி மாட்டியோடு நீட்டினார். வலது ஆள்காட்டி விரலில் துணி சுற்றியிருந்தது. போன மாதமும் சுற்றியிருந்தது ஞாபகம் வந்தது.

"என்னப்பா அது?"

"பிலிம் கழுவுற ஃபிக்சர் தண்ணி தின்னுடுச்சி மிஸ்ஸம்மா. ஆறிடும்."

"எத்தனை நாளா?"

"மழைக்கு முன்னாடியிலர்ந்து கீது."

அவிழ்க்கச் சொன்னேன். மாட்டேன் என்றார். நானே அவிழ்த்தேன். அந்தக் கையை முதல் முறையாகப் பார்த்தேன். விரல்களில் ரோமம் இல்லை. நகங்கள் நீளவாக்கில் பிளந்து கறுத்திருந்தன. தோல் மெழுகு போல மினுங்கி, மேலே சின்னச் சின்ன மருக்கள். ஆள்காட்டி விரலில் ஓரம் தடித்து ஒரு புண். லீட்ஸில் முதல் வாரம் பார்த்த புகைப்படத்தில் இருந்த அதே தோல்.

"வலிக்குதா?"

"ராத்திரில எரியும். வூட்டுல சொல்லல. லீவு போட்டா வேற ஆளப் போட்டுடுவாங்க."

சர்ஜன் ஒரு துண்டு எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். புற்று. முதலில் ஆள்காட்டி விரலை எடுத்தார்கள். நாலு மாதத்தில் நடுவிரலையும் எடுத்தார்கள். இது எக்ஸ்ரேயினால் வந்ததுதான் என்று சர்ஜன் என்னிடம் நடையில் நின்று சொன்னார். "காகிதத்தில் எழுதுவீர்களா?" என்றேன். "உங்கள் பிரிவு என்ன எழுதுகிறதோ அதைப் பார்த்து எழுதுகிறேன்" என்றார்.

ஸ்தாபனத்தார் விசாரணைக்கு ஒரு கமிட்டி போட்டார்கள். வேலையினால் வந்த நோய் என்றால் அவருக்கு இழப்பீடும் கை தேவைப்படாத வேறொரு வேலையும் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் வேலைக்குத் தகுதியில்லை என்று அனுப்பிவிடலாம்.

டாக்டர் சேஷகிரி என்னை அழைத்து ஒரு தாளை நீட்டினார். ஆங்கிலத்தில் மூன்று வாக்கியங்கள், அவர் கையாலேயே எழுதியவை. பிரிவில் ஈயக் கையுறைகள் இருந்தன. அவற்றை அணிய வேண்டும் என்று அட்டெண்டருக்குச் சொல்லப்பட்டது. அவர் அவற்றை அணியாமல் வேலை செய்வதை வழக்கமாகக் கொண்டிருந்தார். கீழே என் பெயர், கையெழுத்துக்கு இடம்.

"இதில் பொய் இருந்தால் சொல்லுங்கள், திருத்துகிறேன்" என்றார்.

மூன்றும் உண்மை. திருத்த ஒரு சொல் இல்லை.

"பதிவேடு இருக்கிறது சார்" என்றேன்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இருக்கிறது. நான் அதைத் தொடவில்லை, தொடவும் மாட்டேன். கமிட்டிக்குக் காட்ட விரும்பினால் எடுத்துப் போங்கள். ஆயிரக்கணக்கான வரிகள், எல்லாம் உங்கள் கையெழுத்து. பிடிக்கச் சொன்னது யார் என்றுதான் அடுத்த கேள்வி வரும். நான் சொன்னதாக எங்கேயும் எழுதியில்லை. சொன்னதும் இல்லை, ஞாபகப்படுத்திப் பாருங்கள்."

ஞாபகப்படுத்திப் பார்த்தேன். அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. வீணான பிலிமைக் கட்டி மேசையில் வைப்பார், அவ்வளவுதான்.

நான் ஏன் கையெழுத்துப் போட்டேன் என்பதற்கு அப்போது பல காரணம் சொல்லிக்கொண்டேன். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்திருந்தது. பத்திரப்படி இன்னும் கிட்டத்தட்ட ஒரு வருடம் பாக்கி இருந்தது. தலைமை ரேடியோகிராபர் என்று ஒரு புதுப் பதவி வரப்போவதாகப் பேச்சு. இவையெல்லாம் இருந்தன. ஆனால் போட்டது பயத்தினால். அவர் பேனாவைத் திறந்து நீட்டினார். வாங்கிப் போட்டேன்.

கமிட்டி நடந்த அன்று பதிவேடு என் பையில்தான் இருந்தது. எதற்கு எடுத்துப் போனேன் என்று இன்றுவரை தெரியவில்லை. கமிட்டித் தலைவர் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "இது உங்கள் கையெழுத்துதானே?" ஆமாம் என்றேன். நன்றி சொல்லி அனுப்பிவிட்டார். முனிசாமி வெளியே பெஞ்சில், கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

அந்த மாதக் கடைசியில் அவரை அனுப்பிவிட்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒக்கலிபுரம் போனேன். ரயில் பாதையை ஒட்டி ஒற்றை அறை. சுவரில் ஒரு புத்தர் படம், அதன் முன்னால் சின்ன விளக்கு. அவர் மனைவி கன்னியம்மா தரையில் பலகை போட்டு ஊதுபத்தி உருட்டிக்கொண்டிருந்தாள். முனிசாமி இடது கையால் சட்டைப் பொத்தான் போடப் பழகிக்கொண்டிருந்தார். என்னை உட்கார வைக்க ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

"நீங்க கமிட்டில உண்மையச் சொல்லியிருப்பீங்கன்னு நமக்குத் தெரியும் மிஸ்ஸம்மா" என்றார். "கிளவுஸ் வேணும்னு சொன்னதே நீங்க ஒருத்தர்தான். அவுங்கதான் காதுல போட்டுக்கினு இருக்க மாட்டாங்க."

கன்னியம்மா உருட்டிக்கொண்டே சொன்னாள்: "வெள்ளக்காரன்ட்ட படிச்ச அம்மா, பொய் சொல்ல மாட்டாங்கன்னு தெனமும் சொல்லும் இது."

நான் மறுக்கவில்லை. கொண்டுபோன ஆரஞ்சுப் பழங்களைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். வீட்டுக்கு வந்து, அந்த வாரமும் அடுத்த வாரமும் சாயங்காலங்களில் உட்கார்ந்து பதிவேட்டைப் படியெடுத்தேன். தேதி, குழந்தையின் வயது, எந்தப் படம், பிடித்தவர். பிறகு அந்தப் படியை இணைத்து முனிசாமியின் பெயரில் ஒரு மனு எழுதினேன். அதோடு என் பெயரில் ஒரு கடிதம். அணியக்கூடிய கையுறை அவருக்குக் கொடுக்கப்படவில்லை, பிடிக்கச் சொன்னது நான் என்று எழுதினேன். இரண்டையும் டாக்டர் சேஷகிரி மூலமாகத்தான் அனுப்ப வேண்டும். அவர் நின்றபடியே முழுவதும் படித்தார். "ஆங்கிலம் நன்றாக இருக்கிறது" என்றார். ஒரு வரி கூடச் சேர்க்காமல் கையெழுத்திட்டு மேலே அனுப்பினார். அவருக்கு முடிவு தெரிந்திருந்தது.

அதற்குப் பிறகு எனக்குக் கெடுதல் ஒன்றும் நடக்கவில்லை. வேலை போகவில்லை, மாற்றவும் இல்லை. அடுத்த வருடம் நான்கு ஜோடிப் புதுக் கையுறைகள் வந்தன. தலைமை ரேடியோகிராபர் பதவியும் வந்தது. அதில் இருபத்தைந்து வருடம் இருந்தேன். ஊழியர் யாரும் குழந்தையைப் பிடிக்கக் கூடாது என்று நானே விதி எழுதிச் சுவரில் ஒட்டினேன். மீறியவர்களைக் கடுமையாகத் தண்டித்திருக்கிறேன். லீட்ஸ் அம்மா என்று என்னைப் பின்னால் சொல்வார்கள். சங்கத்துப் பெண்கள் கேள்விப்பட்டிருப்பது இந்த இருபத்தைந்து வருடத்தைத்தான்.

மனுவுக்குப் பதில் எட்டு மாதம் கழித்து வந்தது. அதற்குள் முனிசாமிக்கு அக்குளில் கட்டி வந்து, அறுத்து, மறுபடியும் வந்திருந்தது. பதில் பிரிவு மூலமாக வந்ததால் அதை நான்தான் ஒக்கலிபுரத்துக்கு எடுத்துப் போனேன். மத்தியான நேரம். அவர் பாயில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். கன்னியம்மா பலகையைத் தள்ளி வைத்தாள்.

"இன்னா எழுதிகீறாங்க மிஸ்ஸம்மா?"

"முடியாதுன்னு எழுதியிருக்காங்க."

"ஏன்னு எழுதலியா?"

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஏதோ காரணம் சொல்லியிருக்கலாம், அவளுக்கு ஆங்கிலம் தெரியாது.

"படிங்க" என்றார் முனிசாமி, திரும்பாமலே. "தமிழ்ல சொல்லுங்க."

வரி வரியாகப் படித்துத் தமிழில் சொன்னேன். மனுவோடு வந்த கடிதம் பார்வையிடப்பட்டது. கையுறைகள் இருந்தன, மனுதாரர் அணியவில்லை என்று விசாரணையின்போது வாக்குமூலம் கொடுக்கப்பட்டிருக்கிறது. இப்போது வந்திருக்கும் கடிதம் அதற்கு முரணாக இருக்கிறது. இரண்டும் ஒரே நபர் எழுதியவை. ஆகவே பின்னால் வந்ததை ஏற்பதற்கில்லை.

கன்னியம்மாவுக்கு உடனே புரியவில்லை. "மொதல்ல அப்பிடி எழுதிக் குடுத்தது யாரு?" என்றாள்.

"நான்தான்."

ரயில் ஒன்று போனது. முனிசாமி கண்ணை மூடியிருந்தார். அவர் தூங்கிவிட்டாரா, தூங்குவது போல இருந்தாரா என்று எனக்குத் தெரியாது. அதன் பிறகு அவரை நான் பார்க்கவில்லை, இரண்டு வாரத்தில் இறந்துவிட்டார்.

கன்னியம்மா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு என்னிடமிருந்து அந்தக் காகிதத்தை வாங்கினாள். தலைகீழாகப் பிடித்து மேலும் கீழும் பார்த்தாள். நாலாக மடித்து என் கையிலேயே வைத்தாள்.

"இது எங்களுக்கு வேணாம்" என்றாள். "ஒங்க கையெழுத்தப் பத்தின கடுதாசி. நீங்களே வெச்சிக்குங்க."